5க்கு 8 அடி குளியலறை: கண்ணாடிக் கதவு போடலாமா, வெறும் தடுப்பு போதுமா?

திருச்சி_புதுவீடு

வணக்கம். திருச்சியில் வீடு கட்டிக்கொண்டிருக்கிறோம். சுவர்ப் பூச்சு முடிந்தது. குளியலறைகளில் டைல்ஸ் இன்னும் ஒட்டவில்லை. குளிக்கும் இடத்தைக் கண்ணாடி போட்டுப் பிரிக்க வேண்டும் என்பது வீட்டில் எல்லோருடைய விருப்பமும். ஒருவர் குளித்துவிட்டு வந்தால் தரை முழுக்க ஈரம், கால்மிதி சொதசொதவென்று கிடக்கும், அடுத்துக் கழிவறைக்குப் போகிறவர் வழுக்குவார். இந்தத் தொல்லை புது வீட்டிலாவது இருக்கக் கூடாது.

அறை 5 அடி அகலம், 8 அடி நீளம். வாசல் 5 அடிப் பக்கத்தில். நுழைந்ததும் இடப்புறம் வாஷ்பேசின், அதையடுத்துக் கமோடு. கடைசி 3 அடி குளிக்கும் இடம். அங்கே மேலே ஜன்னல். வலப்புறச் சுவர் காலியாக இருக்கிறது. ஆகவே கண்ணாடி 5 அடி அகலத்துக்குக் குறுக்கே வரும். இதே அளவில் இரண்டு அறைகள்: ஒன்று எங்களுக்கு, மற்றொன்று அப்பா அம்மாவுக்கு. அப்பா எழுபதைத் தாண்டியவர். ஷவரைத் தொடவே மாட்டார், பக்கெட்டும் சொம்பும்தான். தண்ணீர் ஆழ்துளைக் கிணற்றிலிருந்து வருகிறது, உப்பு அதிகம்.

மனைவிக்குக் கறுப்புச் சட்டம் போட்ட வரிக் கண்ணாடி (ஒரு பக்கம் வரிவரியாக மேடுபள்ளம் உள்ளது) பிடித்திருக்கிறது. கீல் கதவா, தள்ளு கதவா, கதவே இல்லாத தடுப்பா என்று எங்களால் முடிவுக்கு வர முடியவில்லை. அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்.

மதுரை_கண்ணாடி

டைல்ஸ் ஒட்டுவதற்கு முன்பே கேட்டது நல்லது. பெரும்பாலானவர்கள் எல்லாம் முடிந்து பெயின்ட் அடிக்கும் நேரத்தில்தான் எங்களைக் கூப்பிடுவார்கள். அப்போது தரை வாட்டமும் குழாய் இடமும் கையை விட்டுப் போயிருக்கும்.

உங்கள் அளவுக்கு மூன்று வழிகள் உண்டு. கீல் கதவு என்றால் 33 அங்குலம் நிலையான கண்ணாடி, 27 அங்குலம் கதவு. கதவு வெளிப்பக்கம் திறக்க வேண்டும். இதில் எனக்கு மாற்றுக் கருத்தே கிடையாது. உள்ளே ஒருவர் மயங்கிக் கதவோடு சேர்ந்து விழுந்துவிட்டால், உள்பக்கம் திறக்கும் கதவை வெளியிலிருந்து யாராலும் தள்ள முடியாது. அமெரிக்காவின் குடியிருப்புக் கட்டட விதிகளே ஷவர் கீல் கதவு வெளிப்புறம் திறக்க வேண்டும் என்றும், நுழைவழி 22 அங்குலத்துக்குக் குறையக் கூடாது என்றும் சொல்கின்றன. நமக்கு அந்தச் சட்டம் இல்லாவிட்டாலும் காரணம் நமக்கும் பொருந்தும்.

ஆனால் உங்கள் அறையில் ஈரமில்லாத பகுதி 5 அடி, அதாவது 60 அங்குலம். வாசல் கதவு 30 அங்குலம் என்று வைத்து, அதுவும் உள்ளே வலப்புறச் சுவரோரம் திறந்தால், கண்ணாடிக் கதவின் 27 அங்குலத்தையும் சேர்த்து 57 அங்குலம் ஆகிறது. மிச்சம் 3 அங்குலம்தான். கைப்பிடி நீட்டிக்கொண்டிருப்பதையும் கணக்கில் எடுத்துக்கொள்ளுங்கள்.

தள்ளு கதவு என்றால் இரண்டு பலகைகள், ஒவ்வொன்றும் ஏறத்தாழ 31 அங்குலம். ஒன்றின் மேல் ஒன்று கொஞ்சம் ஏறி நிற்க வேண்டும். முழுதும் திறந்தாலும் நுழைவழி 26 அங்குலத்தை ஒட்டித்தான் கிடைக்கும். இடத்தை அடைக்காது என்பது இதன் பெரிய வசதி. கீழ்ச் சட்டத்தில் சோப்பு நுரையும் முடியும் சேரும் என்பதுதான் குறை. இப்போது மேலே கம்பியில் உருளை தொங்கும் வகை வருகிறது; அதற்குக் கீழே ஒரு சிறு வழிகாட்டி மட்டும் போதும், சுத்தம் செய்வது எளிது.

மூன்றாவது, கதவே இல்லாத தடுப்பு. இடப்புறச் சுவரோடு 33 அல்லது 36 அங்குலத்துக்கு ஒரே கண்ணாடி. மீதி திறந்த வழி. மேலே எதிர்ச் சுவர் வரை ஒரு தாங்கு கம்பி. கீல் இல்லை, உருளை இல்லை, காந்தப் பட்டை இல்லை. பழுதாக எதுவும் இல்லை.

தடிமன் பற்றி. சட்டமில்லாத கதவுக்கு 8 அல்லது 10 மி.மீ. டஃபன்டு கண்ணாடி, அதாவது சூடாக்கிக் குளிர்வித்து வலுவூட்டிய கண்ணாடி. கண்ணாடியின் எடை, ஒரு சதுர மீட்டருக்கு ஒரு மி.மீ. தடிமனுக்கு 2.5 கிலோ. 27 அங்குல அகலம், 7 அடி உயரக் கதவு 8 மி.மீ. என்றால் 29 கிலோ, 10 மி.மீ. என்றால் 36 கிலோவுக்கு மேல். ‘தடிமன் கூடினால் தரம் கூடும்’ என்று நினைத்து 12 மி.மீ. கேட்கிறவர்கள் உண்டு. அந்த எடை முழுவதையும் இரண்டு கீல்கள்தான் தூக்கிக்கொண்டு நிற்கின்றன. கீல் ஜோடி எத்தனை கிலோ தாங்கும் என்று அதைத் தயாரித்தவர் குறிப்பிட்டிருப்பார். அதைப் பார்த்த பிறகு தடிமனை முடிவு செய்யுங்கள்.

அண்ணாநகர்_மீனா

தம்பி, அப்பாவின் குளியலறையில் கதவு போடாதீர்கள். தடுப்பு மட்டும் போதும். காரணத்தைச் சொல்கிறேன்.

என் மாமியார் எங்களோடுதான் இருக்கிறார். முதியவர்கள் எதையாவது பிடித்துக்கொண்டே நடப்பார்கள். கண்ணாடிக் கதவில் துண்டு போடுவதற்கென்று ஒரு கம்பி இருக்குமே, கால் தடுமாறினால் கை நேரே அதற்குத்தான் போகும். அது துண்டின் எடையைத் தாங்கப் பொருத்தியது, மனிதரின் எடையை அல்ல. பிடிகம்பி என்றால் சுவரில், ஆழமாக ஆணி இறங்கி இருக்க வேண்டும். இரண்டு இடத்தில் வையுங்கள்: நுழையும் இடத்தில் செங்குத்தாக ஒன்று, உட்கார்ந்து எழும் இடத்தில் படுக்கையாக ஒன்று.

அடுத்து, உங்கள் தண்ணீர். கடைக்காரர் காட்டும் கண்ணாடியில் உப்பு படிந்திருக்காது. உங்கள் வீட்டில் படியும். துளி காய்ந்த இடத்தில் ஒரு வெள்ளை வளையம் நிற்கும். மறுநாள் அதன் மேல் இன்னொரு வளையம். துடைக்காமல் விட்டால் ஒரு மாதத்தில் விரல் வைத்தால் சொரசொரப்பது தெரியும். நாங்கள் சுவரில் ஓர் ஆணியில் ரப்பர் வைப்பரை மாட்டிவைத்திருக்கிறோம். கடைசியாகக் குளிக்கிறவர் மேலிருந்து கீழாக இழுத்துவிட்டு வர வேண்டும் என்பது வீட்டு வழக்கம். அரை நிமிட வேலை. அதைச் செய்கிற வீட்டில் கண்ணாடி கண்ணாடியாக இருக்கிறது.

படிந்த உப்புக்கு வெள்ளை வினிகரில் சரிபாதி தண்ணீர் கலந்து, துணியில் நனைத்து, சிறிது நேரம் ஒட்டவைத்துத் துடைத்தால் வந்துவிடும். எலுமிச்சைச் சாறும் வேலை செய்யும். கழிவறை கழுவும் ஆசிட்டை மட்டும் அருகே கொண்டுவராதீர்கள். கண்ணாடிக்கு ஒன்றும் ஆகாமல் இருக்கலாம். அதன் ஆவி பட்டாலே கீலும் கைப்பிடியும் கறுத்துவிடும். வேலைக்கு வரும் அம்மாவிடமும் இதைத் தனியாகச் சொல்லிவையுங்கள்.

எண்ணெய்க் குளியல் உள்ள வீடா நீங்கள்? எண்ணெய்ப் பிசுக்கின் மேல் உப்புத் தண்ணீர் பட்டுக் காய்ந்தால் அது தனிக் கறை. வினிகருக்கு முன் பாத்திரம் துலக்கும் திரவம் போட்டு எண்ணெயை எடுத்துவிட வேண்டும்.

திருச்சி_புதுவீடு

அக்கா, சனிக்கிழமை தவறாமல் எண்ணெய்க் குளியல் உண்டு, சீயக்காயோடு. இதைக் கேட்ட பிறகு வரிக் கண்ணாடி பற்றிப் பயம் வருகிறது. அந்த வரிகளுக்குள் எல்லாம் போய் அடைத்துக்கொள்ளாதா?

கோவை_உள்ளலங்காரம்

அடைக்கும், வரிப்பக்கத்தை உள்ளே வைத்தால். அதனால் வரிகள் எப்போதும் வெளிப்பக்கம், வாஷ்பேசினைப் பார்த்து இருக்க வேண்டும். தண்ணீர் படும் பக்கம் வழவழப்பாக இருந்தால் வைப்பரை இழுப்பதற்கும் தோதாக இருக்கும். ஆர்டர் கொடுக்கும்போதே எந்தப் பக்கம் வரி, கதவு எந்தக் கைப்பக்கம் திறக்கிறது என்று படம் வரைந்து கையெழுத்து வாங்கிக்கொள்ளுங்கள். துளை போட்டு டஃபன் செய்து வந்த பிறகு திருப்பிப் பொருத்த முடியாமல் போகலாம். இதே விதி மணல் வீச்சு செய்த மங்கல் கண்ணாடிக்கும் பொருந்தும். அந்தச் சொரசொரப்பான முகம் நனைந்தால் மங்கல் போய் ஊடுருவிப் பார்க்கும்படி ஆகிவிடும். கைபட்ட இடமும் தெரியும். அமிலத்தில் ஊறவைத்து மங்கலாக்கிய வகை வழவழப்பாக இருக்கும், விலை கூடுதல்.

வரிக் கண்ணாடியின் அழகு எனக்கும் பிடிக்கும். வெளிச்சம் முழுதாக வரும், உருவம் மட்டும் கலைந்து தெரியும். உங்கள் அறையில் ஜன்னல் குளிக்கும் பகுதியில் இருக்கிறது என்கிறீர்கள். அப்படியானால் கண்ணாடி வழியாகத்தான் மீதி அறைக்குப் பகல் வெளிச்சம் வர வேண்டும். அடர் சாம்பல், பழுப்பு நிறக் கண்ணாடிகளை இங்கே போட்டால் கமோடு இருக்கும் பகுதி இருண்டுவிடும்.

உங்கள் அறைக்கு நான் வரைந்தால் இப்படி வரைவேன். உங்களுடைய அறையில், அதாவது தம்பதியர் அறையில், தெளிந்த கண்ணாடி. 5 அடி அகல அறையில் பார்வை கடைசிச் சுவர் வரை ஓடினால்தான் அறை விசாலமாகத் தெரியும். குளிக்கும் பகுதியின் பின் சுவருக்கு மட்டும் தனி நிற டைல்ஸ், மேலே ஒரு விளக்கு. கண்ணாடி அந்தச் சுவரைக் காட்டும் சட்டமாகவே ஆகிவிடும். பெற்றோர் அறையில் வரிக் கண்ணாடி. ஒருவர் குளிக்கும்போது இன்னொருவர் முகம் கழுவ வர நேரும். அங்கே மறைவு தேவை. உருவம் நிழலாகத் தெரிவதால் உள்ளே இருப்பவர் நிற்கிறாரா, உட்கார்ந்திருக்கிறாரா என்று வெளியிலிருந்து அறியவும் முடியும்.

தெளிந்த கண்ணாடியிலும் ஒரு பச்சைச் சாயல் உண்டு. விளிம்பைப் பார்த்தால் நன்றாகத் தெரியும். மூலப்பொருளில் இருக்கும் இரும்புதான் காரணம். வெள்ளை டைல்ஸுக்கு எதிரே அது உறுத்தும் என்றால் இரும்பு குறைந்த வகையைக் கேளுங்கள். சாம்பல், மண் நிற டைல்ஸ் என்றால் அந்தச் செலவு வேண்டாம்.

கறுப்புச் சட்டம் குறித்து உங்கள் மனைவியிடம் ஒன்று சொல்லுங்கள். மங்கல் கறுப்பில் உப்புக் கறை வெள்ளையாகத் தெறித்துத் தெரியும், எந்த நிறத்திலும் இவ்வளவு தெரியாது. கறுப்பு வேண்டும் என்பதில் உறுதியாக இருந்தால், கட்டம் கட்டமாகக் குறுக்குச் சட்டம் போடும் வடிவத்தைத் தவிர்த்து, சுற்றுச் சட்டம் மட்டும் கறுப்பில் வையுங்கள். ஒவ்வொரு குறுக்குச் சட்டத்தின் மேலும் தண்ணீர் தேங்கும்.

தூத்துக்குடி_உப்புக்காற்று

கீல், கைப்பிடி வாங்குவது பற்றி, கடலோர ஊர்க்காரன் என்ற முறையில் சொல்கிறேன். ‘எஸ்.எஸ்.’ (துருப்பிடிக்காத எஃகு) என்று பெட்டியில் போட்டிருந்தால் மட்டும் போதாது. எந்த எண் என்று கேளுங்கள். 304 என்பது குரோமியம் 18 விழுக்காடு, நிக்கல் 8 விழுக்காடு கொண்டது. 316-இல் கூடவே 2 விழுக்காட்டுக்கு மேல் மாலிப்டினம் இருக்கும். குளோரைடு அரிப்பைத் தாங்குவது அதுதான். கடலோரத்தில் 316 வாங்கினால்தான் நிம்மதி. திருச்சிக்கு 304 போதும், ஆனால் மீனா அக்கா சொன்ன ஆசிட்டில் இருப்பதும் ஹைட்ரோகுளோரிக் அமிலம்தான். அது எந்த எஸ்.எஸ்.ஸையும் விடாது.

மலிவான கீல்கள் துத்தநாகக் கலவை வார்ப்பில் செய்து மேலே குரோமியம் பூசியவை. பார்க்க ஒரே மாதிரி மினுங்கும். கையில் எடுத்தால் கனத்தில் வித்தியாசம் தெரியும். பித்தளையில் செய்தது நல்லது.

ஈரோடு_எளிமை

எல்லோரும் கண்ணாடியை எப்படிப் போடுவது என்றே பேசுகிறீர்கள். வயதானவரும் குழந்தைகளும் புழங்கும் ஈரமான அறையில் கண்ணாடி எதற்கு? வெடித்துச் சிதறிய செய்திகளை நாமெல்லாம் படித்திருக்கிறோம். ஒரு கம்பி, ஒரு நல்ல திரைச்சீலை. அழுக்கானால் துவைக்கலாம், கிழிந்தால் மாற்றலாம். அப்பாவின் அறைக்கு இதைத்தான் சொல்வேன்.

சிங்கப்பூர்_தமிழன்

ஈரோட்டு நண்பர் சொல்வதைப் புறந்தள்ள வேண்டாம். டஃபன்டு கண்ணாடி யாரும் தொடாமல் தானாக உடைவது இங்கேயும் நடக்கிறது. காரணம் தெரிந்தால் பயமும் அளவோடு இருக்கும் என்பதால் எழுதுகிறேன்.

கண்ணாடியை 600 டிகிரி செல்சியஸுக்கு மேல் சூடாக்கி, காற்றைப் பீய்ச்சி வேகமாகக் குளிர்விக்கிறார்கள். மேற்பரப்பு முதலில் இறுகிவிடுகிறது, உட்பகுதி பிறகு சுருங்குகிறது. அதனால் வெளிப்பக்கம் அழுத்தத்திலும் உள்பக்கம் இழுவிசையிலும் நிற்கிறது. சாதாரணக் கண்ணாடியைவிட ஏறத்தாழ நான்கு மடங்கு வலு இதிலிருந்துதான் வருகிறது. உடையும்போது நீண்ட கத்தித் துண்டுகளாக இல்லாமல் சிறு கட்டிகளாக உதிர்வதும் இதனால்தான். உள்ளே நிக்கல் சல்பைடு துகள் ஒன்று சிக்கியிருந்தால் அது காலப்போக்கில் உருமாறிப் பருமன் கூடும். இழுவிசை உள்ள பகுதியில் அது இருந்தால் ஒருநாள் முழுப் பலகையும் நொறுங்கும். இதைத் தடுக்க ‘ஹீட் சோக்’ சோதனை உண்டு: டஃபன் செய்த கண்ணாடியை 260 முதல் 290 டிகிரி வரையிலான வெப்பத்தில் சில மணி நேரம் வைப்பார்கள். கோளாறு உள்ளது பெரும்பாலும் அடுப்பிலேயே உடைந்துவிடும். அந்தச் சோதனை செய்த கண்ணாடிதானா என்று எழுத்தில் கேளுங்கள். தானாக உடையும் ஆபத்து முழுதாக இல்லாமற் போகாது, வெகுவாகக் குறையும்.

ஆனால் நான் பார்த்தவரை பெரும்பாலான உடைப்புக்குக் காரணம் விளிம்பு. டஃபன்டு கண்ணாடியின் முகத்தில் கை முட்டினால் ஒன்றும் ஆகாது. அதன் மூலையில் டைல்ஸ் தரையோ உலோகமோ சுருக்கென்று பட்டால் போதும். கீலின் திருகை அதிகமாக இறுக்குவது, கண்ணாடிக்கும் உலோகத்துக்கும் நடுவே ரப்பர் இல்லாமல் பொருத்துவது, கதவு தொய்ந்து கீழ் மூலை தரையில் உரசுவது, இவைதான் நடக்கின்றன. பெற்றோர் அறைக்கு, கண்ணாடியின் வழவழப்பான பக்கத்தில் பாதுகாப்புப் படலம் ஒட்டலாம். உடைந்தாலும் துண்டுகள் பெரும்பாலும் அதிலேயே ஒட்டி நிற்கும். இரண்டு கண்ணாடிகளுக்கு நடுவே படலம் வைத்து ஒட்டிய லேமினேட்டட் வகை அதைவிட நல்லது, செலவும் அதிகம்.

இன்னொரு செய்தி. இங்கே வீவக (அரசின் வீடமைப்பு வளர்ச்சிக் கழகம்) புது வீடுகளில் முதல் 3 ஆண்டுகளுக்குக் குளியலறைத் தரை, சுவர் டைல்ஸைப் பெயர்க்க அனுமதி இல்லை, நீர்க்காப்புப் பூச்சு கெட்டுவிடும் என்பதால். நீங்களும் அதே கவனத்தோடு இருங்கள். கண்ணாடியின் கீழ்ச் சட்டத்துக்காகத் தரையில் துளை போட விடாதீர்கள். சிலிக்கான் பசை வைத்து ஒட்டினாலே நிற்கும். துளை போட்ட இடத்தில்தான் ஒழுகல் தொடங்கும், கீழ்வீட்டுக் கூரையில் போய்த் தெரியும்.

மதுரை_கண்ணாடி

ஈரோட்டு நண்பரே, திரைச்சீலை ஷவருக்குச் சரி. சொம்பால் மொண்டு ஊற்றும்போது ஈரத்துணி உடம்பில் வந்து ஒட்டும். அடிப்பக்கம் பூஞ்சை பிடிக்கும். முதியவர் தடுமாறினால் பிடிக்கப்போவதும் அந்தத் துணியைத்தான். அசையாத தடுப்பு இதைவிடப் பாதுகாப்பு என்பதே என் எண்ணம்.

ஒரு மூலையில் அழியாத முத்திரை இருக்கிறதா பாருங்கள். கட்டட வேலைக்கான பாதுகாப்புக் கண்ணாடிக்கு நம் நாட்டுத் தர எண் ஐ.எஸ். 2553, பகுதி 1. முத்திரை இல்லாத கண்ணாடியை டஃபன்டு என்று யார் சொன்னாலும் திருப்பி அனுப்புங்கள்.

அப்புறம் தரையில் 2 அங்குல உயரத்துக்குக் கிரானைட் பட்டி போட்டு, அதன் மேல் கண்ணாடியை நிறுத்துங்கள். தண்ணீர் வெளியே வரவே வராது.

அண்ணாநகர்_மீனா

2 அங்குலப் பட்டியா? எழுபது வயதுக்காரர் நனைந்த காலோடு அதைத் தாண்ட வேண்டுமா? வீட்டில் தடுக்கி விழுவது இப்படிப்பட்ட சின்ன உயரத்தில்தான். பெரிய படி கண்ணுக்குத் தெரியும், கால் தானாகத் தூக்கும். இது தெரியாது. ஐயா, தயவுசெய்து இதை மறுபடி யோசியுங்கள்.

நெல்லை_கட்டுமானம்

கட்டுமானப் பொறியாளனாக இந்த இடத்தில் உள்ளே வருகிறேன். மீனா அம்மா சொல்வதுதான் சரி. பட்டி போடுவது வாட்டம் சரியில்லாத தரைக்கு வைத்தியம். இவருக்குத் தரையே இன்னும் போடவில்லை. நோயே வராமல் செய்துவிடலாம்.

குளிக்கும் 3 அடிக்கு உள்பக்கமாக 80க்கு 1 வாட்டம் கொடுங்கள். 3 அடிக்கு 11 மி.மீ. சொச்சம் இறக்கம் வரும், மேஸ்திரி கணக்கில் நான்கு நூல் (ஒரு நூல் என்பது அங்குலத்தில் எட்டில் ஒரு பங்கு) என்று சொல்லுங்கள். தண்ணீர் போகும் வழியை ஜன்னல் சுவரோரம், கண்ணாடிக்கு எதிர்க்கோடியில் நீளவாக்குப் போக்கியாக வையுங்கள். அப்போது தரை ஒரே திசையில் சாய்ந்தால் போதும். பெரிய டைல்ஸைக்கூட வெட்டாமல் ஒட்டலாம். நடுவில் சதுரப் போக்கி வைத்தால் நாலா பக்கமும் சரிய வேண்டும், டைல்ஸைக் குறுக்கே வெட்ட வேண்டி வரும். கண்ணாடி நிற்கும் கோட்டில் ஈரப்பகுதித் தரை, வெளித்தரையைவிட 10 மி.மீ. மட்டும் தாழ்ந்திருக்கட்டும், அந்த விளிம்பைச் செங்குத்தாக விடாமல் சரித்து உருட்டிவிடுங்கள். வெளியே உள்ள 5 அடிப் பகுதிக்கும் தனியாக ஒரு போக்கி கட்டாயம் வேண்டும். கண்ணாடி போட்டால் அங்கே தண்ணீரே வராது என்று நினைத்து விட்டுவிடுகிறார்கள். பிறகு கழுவிவிட முடியாமல் திண்டாடுகிறார்கள்.

டைல்ஸ் ஒட்டும் முன் தண்ணீர் கட்டி நிறுத்தி ஒழுகல் சோதனை செய்துவிடுங்கள். ஒட்டிய பிறகு ஒரு பக்கெட் தண்ணீரைக் கண்ணாடிக் கோட்டில் ஊற்றி எந்தப் பக்கம் ஓடுகிறது என்று நீங்களே நின்று பாருங்கள். மேஸ்திரி சொல்வதைவிடத் தண்ணீர் சொல்வது உண்மை.

வலப்புறச் சுவர் என்ன கல்? செங்கல்லா, எடை குறைந்த ஏ.ஏ.சி. கல்லா?

திருச்சி_புதுவீடு

ஏ.ஏ.சி. கல்தான் ஐயா. அது கண்ணாடிக்கு ஏன்?

நெல்லை_கட்டுமானம்

கீல் கதவு போட்டால் 30 கிலோவுக்கும் மேற்பட்ட எடை அந்தச் சுவரில் இரண்டு இடங்களில் தொங்கும். ஒவ்வொரு முறை திறக்கும்போதும் இழுக்கும். ஏ.ஏ.சி. கல்லில் சாதாரண பிளக் நாளடைவில் தளர்ந்துவிடும். கதவு ஒரு நூல் தொய்ந்தால் போதும், சிங்கப்பூர் நண்பர் சொன்ன மூலை உரசல் தொடங்கிவிடும். கீல் வரும் இடத்தில் இப்போதே ஓர் அடி அகலத்துக்குக் கல்லை எடுத்துவிட்டுச் செங்கல்லோ கான்கிரீட்டோ வைத்துவிடுங்கள். பிடிகம்பி வரும் இடத்திலும் அப்படியே. அசையாத தடுப்புக்கு இந்தக் கவலை குறைவு. அதன் எடை தரையில் இறங்குகிறது, சுவர் அதை நேராகப் பிடித்துக்கொண்டால் போதும்.

கோவை_உள்ளலங்காரம்

இதோடு குழாய் இடத்தையும் சேர்த்து முடிவு செய்யுங்கள். தடுப்பு மட்டும் என்றால் தண்ணீர் எங்கே தெறிக்கிறது என்பதுதான் எல்லாவற்றையும் தீர்மானிக்கும். ஷவரை இடப்புறச் சுவரில், கண்ணாடிக்குப் பின்னால் வையுங்கள். ஜன்னல் சுவரில் வைத்தால் பீய்ச்சுவது நேரே வாயிலை நோக்கி வரும். ஷவரைத் திறக்கும் திருகு மட்டும் வலப்புறத்தில், நுழையும் இடத்திலேயே கைக்கு எட்டும்படி இருக்கட்டும். நனையாமல் வெளியே நின்றபடி திறந்து, வெந்நீர் வந்த பிறகு உள்ளே போகலாம். குழாய் கொஞ்சம் கூடுதலாக ஓட வேண்டும், அவ்வளவுதான்.

அப்பாவின் அறைக்கு இது இன்னும் முக்கியம். சொம்பால் தலையில் ஊற்றும் தண்ணீர் ஷவரைவிட அதிக தூரம் தெறிக்கும். பக்கெட்டுக் குழாயையும் இடப்புறச் சுவரில், கண்ணாடிக்குப் பின்னாலேயே வையுங்கள். அங்கே கண்ணாடி 36 அங்குலம் இருக்கட்டும். வழி 24 அங்குலம் கிடைக்கும். உட்கார்ந்து குளிக்க, சுவரோடு சேர்ந்த கிரானைட் திண்ணை ஒன்று, இருக்கை உயரம் 18 அங்குலம். எண்ணெய்க் கிண்ணமும் சீயக்காயும் வைக்கச் சுவருக்குள் மாடம், திண்ணையில் உட்கார்ந்தால் கை எட்டும் உயரத்தில். மாடத்தின் அடிப்பலகை முன்பக்கம் சற்றே சரிந்திருக்க வேண்டும்.

திருச்சி_புதுவீடு

24 அங்குலம் போதுமா? பின்னாளில் சக்கர நாற்காலி தேவைப்பட்டால்?

அண்ணாநகர்_மீனா

போதாது தம்பி. நல்ல கேள்வி. அந்த அறைக்கு 27 அங்குலம் கண்ணாடி, 33 அங்குலம் வழி என்று மாற்றிப் போடுங்கள். தண்ணீர் கொஞ்சம் வெளியே தெறித்தால் தெறிக்கட்டும். அங்கேயும் போக்கி வைக்கத்தானே பொறியாளர் ஐயா சொல்லியிருக்கிறார். கைத்தாங்கலாக ஒருவர் கூட வர வேண்டும் என்றாலும் இடம் வேண்டும். தரை டைல்ஸ் சொரசொரப்பான வகையாக இருந்தால் துளி விழுந்தாலும் பயமில்லை.

கோவை_உள்ளலங்காரம்

ஏற்றுக்கொள்கிறேன். முதியவர் அறைக்கு இதுவே சரி.

திருச்சி_புதுவீடு

எல்லோருக்கும் நன்றி. நேற்று இரவு குடும்பத்தோடு உட்கார்ந்து பேசி முடிவுக்கு வந்துவிட்டோம். அப்பா அம்மா அறையில் கதவு இல்லை: 27 அங்குலம் வரிக் கண்ணாடித் தடுப்பு, வரி வெளிப்பக்கம், 10 மி.மீ., பாதுகாப்புப் படலத்தோடு. திண்ணை, மாடம், சுவரில் இரண்டு பிடிகம்பிகள். எங்கள் அறையில் மேலே உருளை தொங்கும் தள்ளு கதவு, தெளிந்த கண்ணாடி, 8 மி.மீ. 57 அங்குலக் கணக்கைப் பார்த்ததும் கீல் கதவை மனைவியே வேண்டாம் என்றுவிட்டார். கறுப்புச் சட்டத்தை மட்டும் விட்டுக்கொடுக்கவில்லை. மேல் கம்பியும் கைப்பிடியும் கறுப்பு. இரண்டு அறைகளிலும் பட்டி இல்லை, வாட்டம்தான்.

டைல்ஸ்காரர் திங்கட்கிழமை வருகிறார். கண்ணாடிக்கு இப்போதே அளவு கொடுத்துவிடலாமா? முன்பணம் கேட்கிறார்கள்.

மதுரை_கண்ணாடி

முன்பணம் கொடுங்கள், அளவு கொடுக்காதீர்கள். டைல்ஸ் ஒட்டி, இடுக்குகள் அடைத்துக் காய்ந்த பிறகுதான் அளவு. கட்டட வரைபடத்தில் இருக்கும் 5 அடி, டைல்ஸும் பசையும் போன பிறகு 5 அடியாக இருக்காது. தரையில், இடுப்பு உயரத்தில், மேலே என மூன்று இடங்களில் அகலம் எடுக்கச் சொல்லுங்கள். தூக்குக்குண்டு போட்டுப் பார்த்தால் சுவர் 7 அடி உயரத்துக்கு இரண்டு மூன்று நூல் சாய்ந்திருப்பது சாதாரணம். டஃபன் செய்த பிறகு கண்ணாடியை வெட்டவும் முடியாது, துளைக்கவும் முடியாது. சாய்வை அளவிலேயே சேர்த்துத்தான் அனுப்ப வேண்டும்.

சிலிக்கான் பூசும்போது புளித்த வாடை வந்தால் அது அசிட்டிக் வகை; உலோகத்தையும் பளிங்கையும் அரிக்கும். பூஞ்சை தடுக்கும் நியூட்ரல் வகையைக் கேளுங்கள். உள்பக்கம் ஒரே சீராக ஓட வேண்டும், பூசிய பிறகு 24 மணி நேரம் தண்ணீர் படக் கூடாது.

நெல்லை_கட்டுமானம்

திங்கட்கிழமை என்றால் நாளைக்கே இரண்டு வேலைகளை முடித்துவிடுங்கள். பிடிகம்பி வரும் இடங்களில் ஏ.ஏ.சி. கல்லை மாற்றுவது ஒன்று. மற்றொன்று, சுவருக்குள் போகும் குழாய்களை அளவு நாடாவோடு சேர்த்துப் படம் எடுப்பது: தரையிலிருந்து எவ்வளவு, மூலையிலிருந்து எவ்வளவு என்று படத்திலேயே தெரிய வேண்டும். தடுப்புக்கும் கம்பிக்கும் துளை போட வருகிறவரிடம் அந்தப் படத்தைக் காட்டிய பிறகே துளைக்கருவியைச் சுவரில் வைக்க விடுங்கள்.